செக்ஷன் மாறாம இருக்கணும்

நவம்பர் 4, செவ்வாய்

காலைல தூறல். மத்தியானம் நின்னுபோச்சு. டீசல் போடல. டிரிப் ஷீட் எழுதல.

ஓனர் வருஷா வருஷம் குடுக்கற டைரி இது. டிரிப்பு, கிலோமீட்டர், பஞ்சர், இவ்ளோதான் எழுதுவேன். இன்னிக்கி நடந்தத எழுதறேன். மறந்துடும்னு இல்ல. போகப் போக எனக்குச் சாதகமா மாத்தி ஞாபகம் வெச்சுப்பேனோன்னு பயம்.

மணி 6.52. பட்டினப்பாக்கம். மயிலாப்பூர் குளத்துக்கிட்ட கம்பெனி ஸ்டாஃப ஏத்திக்கினு தரமணி போற டிரிப். வண்டில பதினாலு பேர். ஆறு நிமிஷம் லேட். ரோடு ஈரம்.

நொச்சிக்குப்பம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா, தலைல மீன் கூடை, ரோட்டக் கடந்தாங்க. பாத்தேன். நல்லாவே பாத்தேன். பிரேக்க மிதிச்சேன். பெடல் அடிவரைக்கும் போச்சு, பிடிக்கல. ரெண்டாவது மிதில பிடிச்சுது. அதுக்குள்ள இடி. முன்பக்க இடது டயர் அவங்க கால் மேல.

எறங்கினேன். மீன் ரோடு பூரா. டீக்கடைக்காரர் என் தோளப் புடிச்சுத் தள்ளினார். "ஏறி ஓடிடு நைனா. கும்பல் சேந்தா உன்ன உயிரோட வுட மாட்டானுங்க."

ஓடல. தைரியம்னு எழுத மாட்டேன். கால் நகரல, அவ்ளோதான். அப்பறம் ரெண்டு பேர் சேந்து ஆட்டோல தூக்கி வெச்சோம். ஜி.ஹெச் போறவரைக்கும் அவங்க தல என் மடில. பேரு கேட்டேன். "ரோசம்மா." அதுக்கப்பறம் பேச்சில்ல.

ஸ்டேஷன்ல ஊதச் சொன்னாங்க. ஊதினேன். குடிக்கல. எஃப்.ஐ.ஆர் போட்டாங்க. லைசென்ஸ் வாங்கி வெச்சுக்கினாங்க. மச்சான் முருகன் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டான். ஸ்டேஷன்லயே விட்டுட்டாங்க. ரைட்டர் நல்ல மனுஷன். "இப்போதைக்கி 281, 125 ஏ. அந்தம்மா எப்பிடி கீதுன்னு பாத்துதான் மத்தது" அப்பிடின்னார்.

மத்ததுன்னா இன்னான்னு கேக்கல.

நாலு மணிக்கி வீடு. கோட்டூர்புரம் படிக்கட்டுல ஏறும்போது மூணாவது மாடி வரைக்கும் யாரும் பேசல. ஆனா எல்லாக் கதவும் தொறந்திருந்துது. சட்டைல ரத்தம். தேவி சட்டைய வாங்கி வாளில போட்டா. தண்ணி செவந்து போச்சு, ரெண்டு தடவ மாத்தினா.

நவம்பர் 5, புதன்

மழை. கரண்ட் ரெண்டு தடவ போச்சு.

நித்யா காலேஜ் போகல. போன்ல தேடி செக்ஷன் எல்லாம் படிச்சுக் காட்டினா. சட்டம் புதுசாம். நமக்குத் தெரிஞ்ச 279, 304 ஏ எல்லாம் இப்ப இல்ல. எழுதிக்கினேன்:

281. கண்மண் தெரியாம ஓட்டறது. ஆறு மாசம் வரைக்கும்.
125 ஏ. அதால காயம். அதுவும் ஆறு மாசம்.
125 பி. கொடுங்காயம். மூணு வருஷம் வரைக்கும்.
106 ஒண்ணு. சாவு. அஞ்சு வருஷம் வரைக்கும்.

பழைய 304 ஏ-ல ரெண்டு வருஷம்தான். ஷெட்ல டிரைவர் எல்லாரும் அதத்தான் சொல்லிக்கினு திரிவோம். "மிஞ்சிப் போனா ரெண்டு வருஷம்டா." இப்ப அஞ்சு.

நித்யா மெதுவாக் கேட்டா. "ப்பா, அப்போ அவங்க எப்பிடி இருக்காங்களோ அதப் பொறுத்துதான் உனக்கு செக்ஷனா?"

ஆமான்னேன். போன கீழ வெச்சுட்டு டீ போடப் போயிட்டா.

முருகன் ஜி.ஹெச் போய் தூரத்துலேர்ந்து பாத்துட்டு வந்தான். ஐ.சி.யூ-ல கீறாங்களாம். நெனவு வந்து வந்து போகுதாம். வெளில ஒரே பொண்ணு உக்காந்துக்கினு கீது, பேரு ஸ்டெல்லாவாம். புருஷன் செத்துப் பல வருஷம். ரோசம்மாவுக்கு வயசு அம்பத்தாறு. நொச்சிக்குப்பத்துல மீன் வாங்கி மந்தைவெளி வீடுகளுக்குக் கொண்டுபோய் விக்கறவங்க.

தேவி இட்லி வெச்சா. சாப்ட்டேன். எப்பிடிச் சாப்ட்டேன்னு தெரில. நாலு.

நவம்பர் 6, வியாழன்

ஓனர் கூப்ட்டு அனுப்பினார். தி.நகர் ஆபீஸ். கீழ ஜவுளிக்கடை வாசல்ல மழைக்கி ஒதுங்கின கூட்டம். மேல ஏ.சி.

ஓனர் நல்லாப் பேசினார். பன்னெண்டு வருஷம் வேல செஞ்சதுக்கு மொத தடவ எனக்கு நாற்காலி. பக்கத்துல அவரோட வக்கீல். கருப்புக் கோட்டு நாற்காலி முதுகுல.

"கோதண்டம், இதெல்லாம் சகஜம். சார் பாத்துப்பாரு. நீ ஒரு கையெழுத்துப் போடு, வக்காலத்து. கேஸ் கோர்ட்டுக்கு வரும்போது ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம். ஃபைன் என்னோட பொறுப்பு."

வக்கீல் சொன்னார். "எவனாச்சும் கேட்டா, ரோடு ஈரம், அந்தம்மா திடீர்னு குறுக்க வந்துட்டாங்க, அவ்ளோதான். வண்டியப் பத்தி ஒரு வார்த்தை வேணாம்."

வண்டி. அதான் விஷயம்.

தீபாவளி முடிஞ்ச வாரமே பிரேக் கீழ போக ஆரம்பிச்சுது. ஷெட் மெக்கானிக் யூசுப் பாய்க்கு மூணு தடவ வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அவரு பதில் போட்டிருக்கார்: "ஓனர்ட்ட சொல்லிட்டேன்பா. ஸ்பேர் வாங்கித் தரல. ரெண்டு தடவ மிதிச்சு ஓட்டு."

ரெண்டு தடவ மிதிச்சு ஓட்டினேன். பத்து நாள்.

ஓனருக்கு அந்த மெசேஜ் தெரியும். வெளில வரும்போது படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தார். "போன்ல வேண்டாததெல்லாம் அழிச்சுடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பேனாவக் கைல எடுத்தேன். 'கோ' எழுதற வரைக்கும் போனேன். மூக்குக் கண்ணாடி வீட்ல, நாளைக்கி வந்து போடறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கண்ணாடி சட்டைப் பைலதான் இருந்துது. அவங்க ரெண்டு பேரும் அதப் பாத்தாங்க.

பஸ்ல வரும்போது போன எடுத்து அந்த மெசேஜ் மேல வெரல வெச்சேன். அழிக்கவான்னு கேட்டுது. தேனாம்பேட்டை வரைக்கும் கேட்டுக்கினே இருந்துது. அழிக்கல.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். ரொம்ப நாள் கழிச்சு.

வேற வக்கீல் பாக்கலாம்னு தேவிதான் சொன்னா. "அவுரு ஓனருக்கு வக்கீல்யா. உனக்கு யாரு?"

முருகன் பேச்சக் கேட்டு சைதாப்பேட்டை கோர்ட் வாசலுக்குப் போனேன். தப்பு. ஜெராக்ஸ் கடைகிட்ட நிக்கறதுக்குள்ள ரெண்டு பேர். "இன்னா கேஸ் தல? பெயிலா? ஆக்சிடெண்டா? ஆளு காலியா?" ஆளு காலியான்னு கேட்டவன் வெத்தல மென்னுக்கினே கேட்டான். ஒருத்தன் என் கைலேர்ந்து எஃப்.ஐ.ஆர் காப்பிய வாங்கிப் பாத்து, "எனக்கு எல்லாரையும் தெரியும், ஒண்ணுமில்லாம பண்ணிடலாம்" அப்பிடின்னான். ஒண்ணுமில்லாம. காப்பியப் புடுங்கிக்கினு வந்தேன்.

தேவி கூட வேல செய்யற ஒரு அம்மாவோட தம்பி கேஸ நடத்தினவங்க, வக்கீல் கலைவாணி. மந்தைவெளி ரயில்வே ஸ்டேஷன் பக்கம், தையல் கடை மாடில ஆபீஸ். நாளைக்கி வரச் சொன்னாங்க. போன்ல மொத கேள்வி: "எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டீங்களா?"

இல்லன்னேன்.

"நல்லது. போடாதீங்க. வாங்க."

நவம்பர் 8, சனி

கலைவாணி மேடத்துக்கு நாப்பது வயசு இருக்கும். சின்ன ரூம். ஜன்னல் தொறந்தா ரயில் சத்தம். ரயில் வந்தா பேச்ச நிறுத்திடறாங்க, போனதும் விட்ட எடத்துலேர்ந்து பேசறாங்க.

"மொதல்ல நீங்க சொல்லுங்க. எனக்கு எது புடிக்கும்னு பாத்துச் சொல்லாதீங்க. நீங்க எங்கிட்ட சொல்றது இந்த ரூமத் தாண்டாது."

சொன்னேன். எல்லாம். லேட்டு, ஈரம், பிரேக்கு, யூசுப் பாய், ஓனர். மெசேஜ் மூணையும் கேட்டாங்க. ஒண்ண ரெண்டாவது தடவயும் கேட்டாங்க. அதுல என் குரல் சிரிச்சுக்கினே சொல்லுது: "பாய், பெடலு ரோட்டத் தொடுது. ஒரு நாள் எவனாச்சும் மாட்டப் போறான்."

அத நான் மறந்தே போயிருந்தேன்.

மேடம் போனத் திருப்பிக் குடுத்தாங்க. "இது உங்களக் காப்பாத்தவும் செய்யும், மாட்டிவிடவும் செய்யும். புரியுதா?"

புரியல.

"நீங்க சொன்னீங்க, ஓனர் ரிப்பேர் பண்ணல. சரி, உங்க பக்கம் ஒரு நியாயம். ஆனா சர்க்கார் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. 'பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சே ஏன் வண்டிய எடுத்தே?' என்ன சொல்வீங்க?"

"எடுக்கலன்னா வேலைலேர்ந்து தூக்கிடுவாங்க மேடம்."

"அது காரணம். பதில் இல்ல."

ரயில் வந்துது. நல்லவேளை.

அப்பறம் ஒண்ணொண்ணாச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் எழுதறேன், மறக்கக் கூடாது:

மெசேஜ அழிச்சா அது தனிக் குத்தம். தொடவே கூடாது.
ஓனர் வக்கீல் எனக்கு வக்கீல் ஆக முடியாது. அவருக்கும் எனக்கும் நல்லது வேற வேற.
ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்ங்கறது முழு உண்மை இல்ல. ஒத்துக்கிட்டா தண்டன ஆயிட்டவன்னு பேரு. லைசென்ஸு, பேட்ஜு போகும். நாளைக்கி அந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதுக்குத் திரும்பவும் கேஸ் வரும்.
இப்ப இருக்கற செக்ஷன் எல்லாம் ஜாமீன் குடுக்கறதுதான். ஜெயிலுக்குப் போறோம்னு இப்பவே பயப்படக் கூடாது. வாய்தாவுக்குப் போகாம இருந்தாத்தான் வாரண்ட்.
ரோசம்மா வீட்டு ஆளுங்களப் பாக்கவோ பேசவோ கூடாது. சாட்சிய மிரட்டினேன், கலைச்சேன்னு ஆகும்.

கடைசிதான் கஷ்டம்.

நான் ஒண்ணு கேட்டேன். "நான் கேஸ் நடத்தினா அவங்களுக்கு வர வேண்டிய நஷ்டஈடு நின்னுடுமா மேடம்?"

"அது தனி கேஸ். டிரிப்யூனல்ல அவங்க போடணும். இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டும். நீங்க இங்க உங்களுக்காகப் பேசறதால அது நின்னு போகாது." அப்பறம், "இத யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல."

பெருமையா இருந்துது. ஒரு நிமிஷம். பெருமப்பட என்ன இருக்குன்னு தோணினதும் போயிடுச்சு.

வக்காலத்துல கையெழுத்துப் போட்டேன். ஃபீஸ் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கன்னாங்க. முடியலன்னா இலவச சட்ட உதவி இருக்கு, அங்க எழுதித் தர்றேன், வெக்கப்பட வேணாம்னாங்க.

நவம்பர் 9, ஞாயிறு

ஓனர் போன். எடுக்கல. அஞ்சு தடவ.

தேவிக்கு லீவு. மத்தியானம் துணி மடிச்சுக்கினே கேட்டா. "பிரேக் போச்சுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பே?"

"எடுக்காதன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பியா?"

புடவைய மடிச்சு முடிச்சா. "நித்யா ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம்" அப்பிடின்னா. அடுத்த புடவைய எடுத்துக்கினே, "தெரிலய்யா. சொல்லியிருப்பேன்னு நெனச்சுக்கறேன்."

அவ கையப் புடிச்சேன். துணி மடிக்க விடல. சும்மா உக்காந்திருந்தோம். கீழ கொழாயடில சண்ட.

நவம்பர் 11, செவ்வாய்

வடபழனி முருகன் கோயில். தேவி வேண்டுதல். முகூர்த்த நாள் போல. மாலையும் கழுத்துமா நாலஞ்சு ஜோடி. செருப்பு விட எடமில்ல.

சன்னதில நின்னுக்கினு ரோசம்மா பொழைக்கணும்னு வேண்டினேன். கண்ண மூடி, மனசாரத்தான். பாதில என்னையும் அறியாம வாய் சொல்லுது: 106 ஆகக் கூடாது முருகா, 106 ஆகக் கூடாது.

கண்ணத் தொறந்துட்டேன். அர்ச்சகர் விபூதி நீட்டினார். வாங்கிக்கினேன். பூசல. பேப்பர்ல மடிச்சுப் பைல.

ஒரு மனுஷி உசுருக்குப் போராடறா. நான் நம்பர எண்ணிக்கினு நிக்கறேன். அவங்களுக்காக வேண்டறேனா, எனக்காகவா? ரெண்டும்னு சொன்னா அது சமாதானம். எது மொதல்ல வந்துதுன்னு எனக்குத் தெரியும்.

தேவி கேட்டா, ஏன் மூஞ்சி ஒரு மாதிரி கீதுன்னு. வெயில்னேன்.

நவம்பர் 12, புதன்

ஸ்டேஷன் வாசல்ல நிக்கற வண்டிய பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்தாராம். ரிப்போர்ட்ல பிரேக் வேல செய்யுதுன்னு எழுதியிருக்குன்னு முருகன் சொன்னான். ரெண்டாவது மிதில வேல செய்யும்தான். எத்தன தடவ மிதிச்சுப் பாத்தாருன்னு நான் பாக்கல. தெரியாதத எழுதக் கூடாது.

யூசுப் பாய்க்குப் போன் பண்ணேன். மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. அப்பறம் அவரே வந்தார், கோட்டூர்புரம் வரைக்கும். மேல வரல. கீழ வேப்பமரத்தடில.

"கோதண்டம், எனக்கும் மூணு பொண்ணு. கோர்ட்ல வந்து சொல்லுன்னு மட்டும் கேக்காத."

"கேக்கல பாய்."

"ரெண்டு தடவ மிதிச்சு ஓட்டுன்னு சொன்னேன் பாரு. அது காதுல கேட்டுக்கினே கீதுப்பா."

"எனக்கும்."

கட்டிப் புடிச்சுட்டு போயிட்டார். கிரீஸ் வாசன சட்டைல.

நவம்பர் 13, வியாழன்

கனமழை. அடையாத்துல தண்ணி ஏறுதாம்.

பதினோரு மணிக்கி மேடம் போன். "கோதண்டம், நல்ல சேதி. அந்தம்மா அபாயக் கட்டத்தத் தாண்டிட்டாங்க. வார்டுக்கு மாத்தியாச்சு. 106 வராது. 125 பி-யா மாத்துவாங்க, கொடுங்காயம்."

"ஏன் மேடம் பி?"

"இடது கால எடுத்துட்டாங்க. முட்டிக்குக் கீழ."

அப்பறம் மேடமே சொன்னாங்க. "நல்ல சேதின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

போன வெச்சதும் மொதல்ல எனக்கு வந்தது நிம்மதி. இத இங்க மட்டும் எழுத முடியும். நெஞ்சுக்குள்ள கட்டியிருந்த கயிறு அவுந்த மாதிரி மூச்சு வந்துது. தேவிகிட்ட "பொழைச்சுட்டாங்க" அப்பிடின்னேன். அவ சாமி படத்தப் பாத்துக் கும்பிட்டா. நித்யா அழுதா.

அப்பறந்தான் கால்னேன்.

நித்யா கேட்டா, "அவங்க தலைல கூடை வெச்சு நடந்துதான விப்பாங்க?"

நவம்பர் 14, வெள்ளி

ஓனர் ஆபீஸ். கடைசித் தடவ.

வேற வக்கீல் வெச்சுட்டேன்னேன். ஓனருக்கு முகம் மாறல. "யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல சார்."

"வண்டியப் பத்தி வாய் தொறந்தேன்னா இந்த ஊர்ல எந்த டிராவல்ஸ்லயும் ஸ்டியரிங் தொட முடியாது."

"லைசென்ஸே ஸ்டேஷன்லதான சார் கீது."

பதில் சொல்லணும்னு சொல்லல. தானா வந்துது. அவரு சிரிச்சார். நானும் சிரிச்சுட்டேன்னு நெனைக்கறேன். பன்னெண்டு வருஷம் ஒண்ணா இருந்தா இப்பிடித்தான் போல. எழுந்து வந்தேன். நாளைக்கி வர வேணாம்னு அவர் சொல்லல. நானும் கேக்கல. ரெண்டு பேருக்கும் தெரியும்.

வண்டில என் துண்டும் தண்ணி பாட்டிலும் இருந்துது. கேட்டா குடுப்பாங்களான்னு தெரில.

நவம்பர் 20, வியாழன்

ஆர்.டி.ஓ-லேர்ந்து நோட்டீஸ். லைசென்ஸ ஏன் நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு விளக்கம் கேட்டு. மேடம் பதில் எழுதித் தந்தாங்க. நிறுத்தத்தான் போறாங்கன்னும் சொன்னாங்க.

முருகன் சொல்லி கோயம்பேட்டுல காய்கறி லாரி எறக்கற வேல. முதுகு.

மேடம் ஆபீஸ்லேர்ந்து திரும்பும்போது பட்டினப்பாக்கம் வழியாப் போற பஸ்ஸுல ஏறல. மூணு கிலோமீட்டர் சுத்து. கண்டக்டர் கேட்டார், "இப்பிடி சுத்திக்கினு போறியே, நேராப் போலாமே." காத்து வாங்கன்னேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பொறந்துது. கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு.

இன்னிக்கி தப்புப் பண்ணிட்டேன். ஜி.ஹெச் போனேன். வாசல் வரைக்கும்தான். உள்ள போகல. மேடம் சொன்னது ஞாபகம் இருந்துது. எதிர்ல ஜூஸ் கடைகிட்ட நின்னுக்கினு இருந்தேன்.

வெளில கூட்டிக்கினு வந்தாங்க. டிஸ்சார்ஜ் போல. வீல் சேர்ல ரோசம்மா. பொண்ணு பின்னாடி தள்ளிக்கினு வருது. ஆட்டோல ஏத்தறதுக்கு டிரைவர் எறங்கித் தூக்கினான். ரோசம்மா அவன் கழுத்தப் புடிச்சுக்கினாங்க. அன்னிக்கி என் கழுத்த அப்பிடித்தான் புடிச்சாங்க.

என்னப் பாக்கல. இல்ல, பாத்தும் தெரியலயோ.

வீல் சேர் திரும்ப உள்ள போச்சு. அது ஆஸ்பத்திரிது. அவங்களோடது இல்ல. வீட்ல இன்னா பண்ணுவாங்க, குப்பத்து மணல்ல?

மேடம்கிட்ட ஒத்துக்கினேன். திட்டினாங்க. அப்பறம் ரோசம்மா வீட்ல டிரிப்யூனல்ல கேஸ் போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. ஓனரும் இன்ஷூரன்ஸும் எதிர்த் தரப்பு. என் பேரும் இருக்காம்.

பிப்ரவரி 16, திங்கள்

சம்மன் வந்துது. பதினெட்டாந்தேதி. சைதாப்பேட்டை. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆயிடுச்சு.

தேவி வெள்ள சட்டைக்கி இஸ்திரி போட்டா. "கல்யாணத்துக்குப் போற மாதிரி கீது" அப்பிடின்னா. சிரிக்கல.

மேடம் போன்ல: "நாளன்னிக்கி ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நகல் குடுப்பாங்க, வாய்தா போடுவாங்க. ஒத்துக்கறியா இல்லயான்னு அப்பறந்தான் கேப்பாங்க. அதுக்குள்ள நாம பேசி முடிவு பண்ணலாம். அவசரமில்ல."

எனக்குத்தான் அவசரம். சீக்கிரம் யாராச்சும் கேட்டா நல்லாருக்கும்.

பிப்ரவரி 18, புதன்

பத்து மணிக்கே போயிட்டோம். வராண்டால நிக்க எடமில்ல. எம் பேரு பன்னெண்டு மணிக்கி. உள்ள போய் கூண்டுல நிக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நகல் கைல. அறுபது பக்கம் இருக்கும். மேடம் எழுந்து ரெண்டு வார்த்த. ஜட்ஜ் அம்மா தேதி எழுதினாங்க, நிமிந்து கூடப் பாக்கல. அவ்ளோதான். இதுக்கா ரெண்டு நாள் தூங்காம இருந்தேன்.

நகல்ல ஒரு வரி: 'எதிரி தனது வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. எதிரின்னா நான். மூணு தடவ படிச்சேன்.

மேடம் வேற கேஸ்னு உள்ள போனாங்க. தேவி தண்ணி வாங்கப் போனா. படிக்கட்டுகிட்ட தனியா நின்னுக்கினு இருந்தேன். ஒரு பொண்ணு வந்து நேரா எதிர்ல நின்னுது. இருபத்தஞ்சு, இருபத்தாறு. கழுத்துல சின்னச் சிலுவ. தெரிஞ்சுபோச்சு.

"நீதான டிரைவரு?"

தலைய ஆட்டினேன். பேசக் கூடாது. நகரணும். நகரல.

"நான் ஸ்டெல்லா. உங்கிட்ட சண்ட போட வரல. அம்மா ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு."

"அம்மா எப்பிடிம்மா கீறாங்க?"

"கீது. உக்காந்த எடத்துலயே மீன் ஆயுது. ரோட்டுப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேங்குது." அப்பறம், "ரெண்டு தடவ மிதிச்ச சத்தம் அதுக்குக் கேட்டுச்சாம். மொத மிதிக்கி வண்டி நிக்கலயாம். எல்லாரும் அதுக்குப் புத்தி தடுமாறிப்போச்சுன்றாங்க. அது கேக்குது, பிரேக் இல்லன்னு தெரிஞ்சுதான் அன்னிக்கி ஓட்டுனியா, இல்ல அப்பதான் போச்சான்னு."

சுத்தி ஜனம். யாரோ யாரையோ கூப்பிடறாங்க. மேடம் முகம் ஞாபகம் வந்துது, நித்யா முகம், மூணு வருஷம், எல்லாம் வந்துது. அப்பதான் போச்சுன்னு ஒரு வார்த்த. நாக்கு நுனிலதான் இருந்துது. அங்க நின்ன யாரும் அதப் பொய்யுன்னு சொல்ல முடியாது.

"தெரியும்மா. பத்து நாளாத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அந்தப் பொண்ணு அழல. கத்தல.

"சரி. அதுக்குப் புத்தி நல்லாத்தான் கீதுன்னு போய் சொல்றேன்."

படி எறங்கிப் போயிடுச்சு. கேட்டத் தாண்டற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன். திரும்பல.

பின்னாடி மேடம். எப்ப வந்தாங்கன்னு தெரில. "அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

ஃபைல கக்கத்துல வெச்சுக்கினு கண்ணாடியத் தொடச்சாங்க. தொடச்சுக்கினே இருந்தாங்க. "இனிமே நான் கேஸ வேற மாதிரி யோசிக்கணும்" அப்பிடின்னாங்க. கோவமா, இல்லயான்னு தெரில.

"கோர்ட்ல கேட்டாலும் அதத்தான் மேடம் சொல்லுவேன்."

"கேப்பாங்க" அப்பிடின்னாங்க. "மார்ச் பன்னெண்டு. வியாழக்கிழம. பத்து மணிக்கி."